கண்ணில் படாதவருக்கு மூன்று பெல்

எங்கள் வீட்டுத் துணிக்கொடி ஒட்டில்லாமல் ஒரே துண்டாக இருந்தது. 1957ஆம் வருஷம் போகிக்கு முந்தின நாள், என் மனைவி சுலோச்சனா துவைத்த போர்வைகளை அதில் உலர்த்திக்கொண்டிருந்தபோதுதான் அதைக் கவனித்தேன். கவனித்ததும் பயந்துபோனேன்.

கொடியைப் பார்த்து ஒரு மனுஷன் ஏன் பயப்பட வேண்டும் என்று சொல்கிறேன். தங்கவயலில் சுரங்கத் தொழிலாளிகள் குடியிருக்கும் லைன் வீடுகளில் யாரும் கொடிக் கயிற்றைக் கடையில் வாங்குவதில்லை. சாப்டு என்னும் சுரங்கக் கிணற்றுக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ், அதாவது கூண்டு, ஓர் இரும்புக் கயிற்றில் தொங்குகிறது. இரண்டு கட்டைவிரல்களைச் சேர்த்துவைத்த பருமன் அதற்கு. ஆறு புரிகளை முறுக்கிச் செய்தது. கயிற்றில் மற்ற இடங்களைவிட கேஜை மாட்டியிருக்கும் நுனிதான் அதிகம் குலுங்கும், அதிகம் நனையும், சீக்கிரம் களைத்துப்போகும். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை நுனியில் ஒன்பது அடியை வெட்டிப் போட்டுவிட்டு, களைக்காத இடத்தில் கேஜை மறுபடி மாட்டுவார்கள். வெட்டிய துண்டு வீணாகாது. அதைப் பிரித்து, புரி புரியாக வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடி கட்டுவார்கள். ஆனால் ஒன்பது அடியில் கொடி கட்ட முடியாது. மூன்று நான்கு துண்டுகளை வளைத்து மாட்டிச் சேர்க்க வேண்டும். ஒட்டுப் போட்ட இடத்தில் புடவை மாட்டிக் கிழியும். அதற்குப் பெண்கள் திட்டாத நாள் கிடையாது.

எங்கள் கொடியோ இந்தச் சுவரிலிருந்து அந்த வேப்பமரம் வரை போய்த் திரும்பி வந்திருந்தது. ஓர் ஒட்டுகூட இல்லை.

"இந்தக் கொடி ஏது?" என்று கேட்டேன்.

"இன்னாங்க, இன்னிக்குத்தான் கண்ண தொறந்தாப்பல கேக்கறீங்க? நாலு மாசமா உங்க சட்டை இதுலதான் காயுது. புரட்டாசில தம்பி மாரி கொண்டாந்து கட்டினான். நம்ம லைன்ல ஆறு வீட்டுக்கு இதே மாதிரி."

ஆறு வீடு, ஆறு புரி. ஒவ்வொன்றும் அறுபது அடி. அப்படியானால் ஒரே வெட்டில் கயிறு அறுபது அடி குறைந்திருக்கிறது.

நான் சுரங்கத்தின் ஸ்டோர்ஸில் கிளார்க். கயிறு எப்போது வாங்க வேண்டும் என்று பார்த்துச் சொல்வது என் வேலைகளில் ஒன்று. ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் அட்டை உண்டு. எங்கள் சாப்டின் கயிற்று அட்டைப்படி, அடுத்த கயிறு 1958 தொடக்கத்தில் வந்தால் போதும். அந்தக் கணக்கில்தான் ஸ்காட்லாந்துக்கு ஆர்டர் போயிருந்தது.

போர்வைகளைப் பிடிக்கச் சொன்ன சுலோச்சனாவை அப்படியே விட்டுவிட்டு ஸ்டோர்ஸுக்கு ஓடினேன். புரட்டாசி மாத அட்டைகளைப் புரட்டினேன். கயிறு வெட்டினால் புது நுனியில் கேஜை இணைக்க வெள்ளை உலோகம் உருக்கி ஊற்ற வேண்டும். அந்த உலோகத்தின் அட்டையில் என் கையெழுத்திலேயே இருந்தது: 'கயிற்றில் முறுக்கு விழுந்ததால் அவசர வெட்டு.' உலோகம் கொடுத்ததை எழுதியிருக்கிறேன். கயிறு குறைந்ததை எழுதவில்லை. கவுன்டரில் நின்று உலோகத்தை எடைபோட்டு வாங்கிப்போன ரோப் மேஸ்திரி சம்பங்கி, எத்தனை அடி வெட்டினார் என்பதையும் அன்றைக்குச் சொல்லித்தான் இருப்பார். கவுன்டரில் அப்போது கூட்டமாக இருந்திருக்கும்.

அறுபது அடியில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். கயிற்றின் மொத்த நீளம் கிட்டத்தட்ட நாலாயிரம் அடி. விஷயம் நீளத்தில் இல்லை, மிச்சத்தில் இருக்கிறது. முரட்டு மாட்டைக் கட்டும்போது கயிற்றைக் கட்டையில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு நுனியைப் பிடித்துப் பாருங்கள். மாடு எவ்வளவு இழுத்தாலும் உங்கள் கைக்குப் பாரம் தெரியாது. மாட்டைப் பிடித்திருப்பது உங்கள் கையல்ல, அந்த மூன்று சுற்று. கேஜுக்கும் அதேதான். இன்ஜின் வீட்டில் இருக்கும் பெரிய டிரம்மில் கயிறு சுற்றியிருக்கிறது. கேஜ் அடிமட்டத்துக்குப் போய் நிற்கும்போதும் டிரம்மில் மூன்று சுற்றாவது மிச்சம் இருக்க வேண்டும். குறைந்தால் கேஜை அடிமட்டத்துக்கு விடக்கூடாது. அது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் அதுதான் புத்தி.

சம்பங்கியின் கயிற்றுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். மூன்று சுற்றும் ஐந்தடியும் மிச்சம். ஜனவரி வெட்டு ஏற்கெனவே முடிந்திருந்தது. அடுத்த வெட்டு ஜூலை பதினைந்து. ஒன்பது அடி போகும்.

அடிமட்டத்தில் முந்நூறு பேர் வேலை செய்தார்கள். அங்கேதான் தண்ணீர் இறைக்கும் பம்புகள் இருந்தன. சுலோச்சனாவின் தம்பி மாரிமுத்து அதில் ஒரு பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேஜ் அடிமட்டத்துக்குப் போகாவிட்டால் பம்புக்கு ஆள் போக முடியாது. பம்பு நின்றால் தண்ணீர் ஏறும். ஏறின தண்ணீர் தானாக இறங்காது. தங்கவயலிலேயே பாலகாட் பக்கம் மூடிக்கிடக்கும் பழைய சாப்டுகளில் கல்லைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால், வெகுநேரம் கழித்துத் தண்ணீரில் விழும் சத்தம் கேட்கும். எங்கள் சாப்டில் அந்தச் சத்தம் கேட்டால் அதற்குக் காரணம் நான்.

ஸ்டோர்கீப்பர் சிவப்பிரகாசம் என் மேலதிகாரி. பொங்கல் லீவிலும் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கொடிய பாத்து கண்டுபுடிச்சியா?"

"ஆமாங்க."

"துணி துவைக்காத வூடா இருந்தா எல்லாரும் முழுகியிருப்போம். உங்க வூட்டம்மாவுக்கு ஒரு சோப்புக் கட்டி வாங்கிக் குடு. இப்ப உக்காந்து தந்தி எழுது."

தந்தி போயிற்று. பிறகு நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றும். ஸ்காட்லாந்தின் கயிற்றாலையில் யாரோ ஒருவர் எங்கள் தந்தியைப் படித்து, வேறு யாருக்கோ முறுக்கவிருந்த கயிற்றைத் தள்ளிவைத்து எங்களுடையதை மெஷினில் ஏற்றினார். சூயஸ் கால்வாய் அப்போது சண்டையால் அடைபட்டிருந்தது. மூழ்கிக்கிடந்த கப்பல்களையெல்லாம் எடுத்து சித்திரையில் வழிவிட்டார்கள். மே நடுவில் எங்கள் கயிறு ஏழு டன் ரீலாகக் கப்பலேறியது. ஜூன் மூன்றாம் வாரம் மெட்ராஸ். நாட்காட்டியில் பென்சிலால் குறித்துவைத்தேன்.

அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. கிழக்கே ஹாங்காங், சிங்கப்பூர் என்று கப்பலோடு கப்பலாக நகர்ந்து, மே மாதமே மெட்ராஸில் இறங்கியது அந்த ஃப்ளூ. ஒரு மாதத்தில் உலகம் பூராவும் இருமியது. தங்கவயலும் தப்பவில்லை. எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்க ஆளில்லாமல் போர்ட்டரே கொடுத்தார். ஷிப்டுக்கு நூறு பேர் வர வேண்டிய இடத்தில் அறுபது பேர் வந்தார்கள்.

ஜூன் இருபத்திரண்டு, சனிக்கிழமை, மெட்ராஸிலிருந்து டிரங்க் கால். கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்த வின்னி பேசினாள். ஆபீஸில் மீதிப் பேர் படுத்துவிட்டதால் டைப்பிஸ்ட், கிளார்க், மானேஜர் எல்லாமே அவள்தான்.

"மிஸ்டர் ராஜமாணிக்கம், உங்க கப்பல் வெளியே நிக்குது. கப்பல்லயும் ஜுரம். பாதிப் பேர் படுக்கை. திங்கக்கிழமை காலையில உள்ளே விடுவாங்க, நாலு மணிக்கு இடத்தைக் காலி பண்ணணும். பின்னால கோதுமைக் கப்பல் காத்துட்டு இருக்கு. நாலு மணிக்குள்ள உங்க ரீல் இறங்கலைன்னா அது கல்கத்தாவுக்குப் போயிடும். திரும்பி வர ஒரு மாசம்."

"துறைமுகத்துல ஆளுங்க இல்லையாம்மா?"

"பதினாறு பேர் கேங்குல அஞ்சு பேர் வரான். அதுவும் எந்த அஞ்சு பேர்னு காலையிலதான் தெரியும்."

சிவப்பிரகாசம் என்னையும் சம்பங்கியையும் கூப்பிட்டு, நம் ஆட்களோடு மெட்ராஸுக்கே போய் ரீலை இறக்கச் சொன்னார். சம்பங்கிக்கு ஐம்பது வயதிருக்கும். சாப்டுக்குள் பாரமான எதை இறக்குவதானாலும் அவருடைய கேங்தான். கேங்கில் பதினான்கு பேர். யாரைக் கூட்டிப்போவது என்று கேட்டதற்கு அவர் யோசிக்கவே இல்லை.

"காய்ச்சல் வந்து போனவனுங்க ஆறு பேரு கீறானுங்க. அவனுங்கள இட்டுக்கினு போறேன். மறுபடி வராதுன்னு ஆஸ்பத்திரி டாக்டரே சொல்லிக்கிறாரு. அத்த ஒரு சீட்டுல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

அந்த யோசனைதான் எங்களைத் துறைமுகத்துக்குள் விட்டது. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினோம். சுலோச்சனா ஒரு கூடை மாம்பழத்தைத் தூக்கிவந்தாள். பூதிகோட்டையில் இருக்கும் அவள் சித்தி வீட்டு மரத்துப் பழம்.

"இது எதுக்கு? நான் இன்னா கல்யாணத்துக்கா போறேன்?"

"வேல வாங்கப் போற எடத்துக்கு வெறுங்கையோட போவாதீங்க."

மாரிமுத்து ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். பெட்டிக்குள் கூடையை ஏற்றிவிட்டு, "மாமா, கயிறு வரலன்னா பரவால்ல, நீ மேல இருந்து ஒரு தூண்டில் போட்டு என்னை எடுத்துடு" என்றான். சம்பங்கி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை காலை கப்பல் கரையை அணைந்தது. துறைமுக மேஸ்திரி மரியகுழந்தை ராயபுரத்துக்காரர். வாயில் துணி கட்டிக்கொண்டு ஐந்து பேரோடு நின்றிருந்தார். எங்கள் ஆறு பேரைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"வெளியாளுங்க இங்க கைவைக்கக் கூடாது."

"கைவைக்கல மேஸ்திரி" என்றார் சம்பங்கி. "நீ சொல்ற எடத்துல தோள் குடுக்கறோம். கைய நீயே வை."

மரியகுழந்தை ஒரு கடப்பாரையை எடுத்து சம்பங்கியிடம் நீட்டினார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

உண்மையான சிக்கல் வேறு. அதையும் விளக்கிவிடுகிறேன். ரீல் கப்பலின் வயிற்றுக்குள் இருந்தது. கப்பலின் பாரந்தூக்கி அதை மேலே எடுத்து, பக்கவாட்டில் திருப்பி, கரையில் தண்டவாளத்தில் நின்ற திறந்த வேகனில் வைக்க வேண்டும். பாரந்தூக்கியை ஓட்டும் வின்ச் கப்பல் தளத்தின் நடுவில் இருக்கிறது. அதைப் பிடித்திருப்பவருக்குக் கரை தெரியாது, நடுவில் கப்பலின் சுவரும் மரக்கட்டை அடுக்குகளும் மறைக்கும். எப்போதும் கரையாள் ஒருவர் கப்பல் விளிம்பில் ஏறி நின்றுகொண்டு, கீழே பார்த்து, வின்ச்சைப் பார்த்துக் கை ஆட்டுவார். ஏற்று, இறக்கு, நிறுத்து. அன்றைக்குத் துறைமுக டாக்டரின் உத்தரவு: கரையிலிருந்து ஒருவரும் ஏறக்கூடாது, கப்பலிலிருந்து ஒருவரும் இறங்கக்கூடாது. கப்பலில் கை ஆட்டத் தெரிந்தவர்கள் எல்லோரும் காய்ச்சலில் கிடந்தார்கள். எழுந்து நடமாடியவர்களில் இரண்டு பேர் ரீலுக்குக் கயிறு கட்ட உள்ளே இறங்க வேண்டும். ஓர் அதிகாரி அவர்களை மேலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். வின்ச்சில் ஒருவர். கரையைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை.

சின்னச் சாமான்களை எப்படியோ இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்டி கரையில் மோதி உடைந்தது. அதைப் பார்த்த அதிகாரி விளிம்புக்கு வந்து, ஏழு டன்னை இப்படி இறக்க மாட்டேன், கல்கத்தாவில் இறக்கிக்கொள்கிறேன் என்று வின்னியிடம் கத்திச் சொன்னார். அப்போது மணி பன்னிரண்டு.

நான் வேகனின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மாரிமுத்துவின் பம்பு என் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சம்பங்கி தலையைத் தூக்கிக் கப்பலின் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "கிளார்க்கய்யா, நம்ம தாமோதரன் எப்பயாச்சும் கேஜைக் கண்ணால பாத்துக்கிறாரா?" என்று கேட்டார்.

தாமோதரன் எங்கள் சாப்டின் இன்ஜின் டிரைவர். கேஜை ஏற்றி இறக்குவது அவர்தான். அவர் இன்ஜின் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பார், கேஜ் பாதாளத்தில் இருக்கும். கீழே இருக்கும் பெல்மேன் கம்பியை இழுத்தால் இன்ஜின் வீட்டில் மணி அடிக்கும். நிற்கும்போது ஒன்று அடித்தால் தூக்கு. ஓடும்போது ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. எல்லாவற்றுக்கும் முன்னால் மூன்று அடித்தால், 'ஆள் இருக்கிறது' என்று அர்த்தம். மூன்று கேட்டால் தாமோதரன் கல்லை ஏற்றும் வேகத்தில் ஓட்டமாட்டார். பூப்போல ஓட்டுவார். இன்னொரு வழக்கமும் உண்டு. வாங்கின பெல்லை வாங்கினபடி திருப்பி அடிக்க வேண்டும். சரியாகக் கேட்டேன் என்பதற்கு அதுதான் சாட்சி. காரணமில்லாமல் ஒரு பெல்லும் அடிக்கக்கூடாது, ஏனென்றால் தப்பான ஒரு தட்டில் ஆள் போய்விடும். ஆயிரக்கணக்கான ஆட்கள் தினமும் தங்கள் உயிரை ஒரு முகம் தெரியாத மனுஷரிடம் கொடுத்துவிட்டு பீடி பற்றிப் பேசிக்கொண்டே இறங்குகிறார்கள் என்றால், அது இந்த நாலு விதியின் பேரில்தான்.

"பாத்ததில்ல" என்றேன்.

"அப்ப இதுவும் நம்ம சாப்ட்தானே? அந்தாளு வின்ச்சுல, நாம அடியில. பெல்லு இருந்தா போதும்."

நான் வின்னியிடம் ஓடினேன். சுங்க ஆபீஸ் மேஜையில் டைப்ரைட்டரை வைத்து அவள் விதிகளை ஆங்கிலத்தில் அடித்தாள். நான் சொல்லச் சொல்ல ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை.

"கப்பலுக்கு எத்தனையோ லெட்டர் அடிச்சிருக்கேன் மேன். மணியடிக்க லெட்டர் அடிக்கிறது இதான் முதல் தடவை. அந்த மூணு எதுக்கு? ரீல்ல ஆள் இல்லையே."

நான் சம்பங்கியைப் பார்த்தேன். அவர் குனிந்து ஒரு துண்டுத் தண்டவாளத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"எழுதச் சொல்லுங்க" என்றார். "இந்தக் கயித்துல நாளைக்கு ஆளுங்க போவப் போறாங்க. அதனால இன்னிக்கே ஆளு இருக்குன்னு அர்த்தம்."

வின்னி அதையும் அடித்தாள். கப்பலிலிருந்து ஒரு வாளி இறங்கியது. காகிதத்தை அதில் போட்டோம். வாளி மேலே போயிற்று. அதிகாரி விளிம்பில் நின்று படிப்பது தெரிந்தது. இரண்டு முறை படித்தார். பிறகு மறைந்துபோனார். நாங்கள் காத்திருந்தோம். பத்து நிமிஷம் இருக்கலாம். எனக்கு மத்தியானமே போய்விட்ட மாதிரி இருந்தது.

சம்பங்கி சுத்தியலை எடுத்துத் தண்டவாளத்தில் மூன்று தட்டினார். இடைவெளி விட்டு, நிதானமாக.

கப்பலுக்குள்ளிருந்து பதில் வந்தது. யாரோ ஸ்பேனரால் வின்ச் இரும்பைத் தட்டும் சத்தம். மூன்று.

"படிச்ச மனுஷன்" என்றார் சம்பங்கி.

உள்ளே ரீலுக்குக் கயிறு கட்டி முடிந்தது என்று அதிகாரி கை காட்டினார். சம்பங்கி ஒன்று தட்டினார். ஸ்பேனர் ஒன்று தட்டியது. நீராவி சீறியது. கப்பலின் சுவருக்கு மேலே எங்கள் ரீல் மெல்ல மெல்ல எழுந்து வந்தது. ஏழு டன் எடையை அப்படி ஓசைப்படாமல் தூக்கி நான் பார்த்ததில்லை. அந்த மனுஷருக்கு மூன்று பெல்லின் அர்த்தம் புரிந்திருந்தது.

கரைக்கு மேலே ரீல் வந்ததும் அலை கப்பலை அசைத்தது. ரீல் ஆடத் தொடங்கியது. சம்பங்கி ஒன்று தட்டினார். தட்டின சத்தம் அடங்குவதற்குள் வின்ச் நின்றது. மரியகுழந்தையின் ஆட்கள் ஒரு பக்கமும் எங்கள் ஆட்கள் ஒரு பக்கமும் வழிகாட்டும் கயிறுகளைப் பிடித்து இழுத்தார்கள். ஆட்டம் குறைந்தது, மறுபடி கூடியது.

"மணி ரெண்டே முக்கால்" என்றேன்.

"கடிகாரம் உங்ககிட்டயே இருக்கட்டும் கிளார்க்கய்யா. எங்கிட்ட குடுக்காதீங்க."

அவர் ரீலைப் பார்க்கவில்லை. ரீலின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிழல் வேகனைத் தாண்டிப் போகும், திரும்பி வரும். அந்த நேரமெல்லாம் மேலே ஒருவர், எதுவும் தெரியாமல், எங்கள் அடுத்த தட்டுக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு, வின்ச்சைப் பிடித்தபடி நின்றிருந்தார். ஏன் நிறுத்தினாய் என்று ஒருமுறைகூடக் குரல் கொடுக்கவில்லை. நிழல் வேகனுக்குள் அடங்கி நின்ற நொடியில் சம்பங்கி இரண்டு தட்டினார். இரண்டு திரும்பி வந்தது. ரீல் இறங்கி, வேகனில் போட்டிருந்த மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்தது. வேகனின் ஸ்பிரிங் முனகியது. சம்பங்கி ஒன்று தட்டினார். எல்லாம் நின்றது.

மரியகுழந்தை வாயில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டு, "வேகனப் பூட்டிக்கினு போங்கய்யா உங்க ஊருக்கு" என்றார். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை.

கொக்கியைக் கழற்றினோம். வெறும் கொக்கியாக மேலே போக வேண்டியது. அப்போதுதான் எனக்கு மாம்பழக் கூடை ஞாபகம் வந்தது. கரையிலிருந்து கப்பலுக்குச் சாமான் போகத் தடையில்லையா என்று வின்னியிடம் கேட்டேன். "ஆள் ஏறத்தான் தடை, சாமானுக்கு இல்லை" என்றாள். கூடையைக் கொக்கியில் மாட்டிக் கட்டினேன். சம்பங்கி ஒன்று தட்ட, ஸ்பேனர் ஒன்று சொல்ல, பூதிகோட்டை மாம்பழம் ஏழு டன் தூக்கும் கொக்கியில் ஆடாமல் அசையாமல் மேலே போயிற்று.

கொக்கி கண்ணுக்கு மறைந்தது. நாங்கள் வேகனில் ரீலைக் கட்டத் தொடங்கினோம். கொஞ்சநேரம் கழித்து உள்ளிருந்து ஸ்பேனர் தட்டியது.

ஒன்று. இரண்டு. மூன்று.

எல்லோரும் கையை நிறுத்தினோம். ஏற்றவோ இறக்கவோ எதுவும் இல்லை. காரணமில்லாமல் பெல் அடிக்கக்கூடாது என்பது அந்தக் காகிதத்திலேயே இருந்தது. சம்பங்கி தலைப்பாகைத் துணியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். வாங்கின பெல்லைத் திருப்பி அடித்தே ஆக வேண்டும். அது வழக்கம். அவர் சுத்தியலை எடுத்து, இடைவெளி விட்டு, நிதானமாக மூன்று தட்டினார்.

நாலு மணிக்குக் கப்பல் நகர்ந்தது. அதன் இடத்தில் கோதுமைக் கப்பல் வந்து நின்றது.

வின்ச்சைப் பிடித்தவர் பெயரைக் கேட்டுச் சொல்லும்படி வின்னியிடம் கெஞ்சினேன். அவள் இரண்டு வாரம் கழித்து ஃபோனில் சொன்னாள்: வழக்கமான வின்ச்காரர் காய்ச்சலில் படுத்திருந்தார், அன்றைக்கு வேறு யாரோ நின்றிருக்கிறார், யார் என்று காகிதத்தில் இல்லை. "எனக்கும் தெரிஞ்சுக்கணும்னு இருந்தது மேன்" என்றாள்.

வேகன் மெட்ராஸிலிருந்து பங்காரப்பேட்டை வந்துசேர மூன்று நாள் ஆக வேண்டியது, பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஜோலார்பேட்டையில் ரயில் இன்ஜின் டிரைவருக்குக் காய்ச்சல். அடுத்தவர் வர ஒரு நாள். அவருக்கும் காய்ச்சல். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யாரோ ஒருவர் எழுந்துவந்து எங்கள் வேகனை அடுத்த ஸ்டேஷன்வரை தள்ளிவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஜூலை பதினாலு ஞாயிற்றுக்கிழமை, ஷிப்ட் இல்லாத நாளில், சம்பங்கியின் கேங் பழைய கயிற்றை உருவிப் புதியதைச் சுற்றியது. டிரம்மில் மிச்சம் எத்தனை சுற்று என்று நானே போய் எண்ணினேன். எண்ணியதை அங்கேயே நின்று அட்டையில் எழுதினேன்.

திங்கட்கிழமை முதல் ஷிப்டில் நானும் இறங்க அனுமதி வாங்கினேன். கேஜுக்குள் மாரிமுத்து என் பக்கத்தில் நின்றான்.

"இன்னா மாமா, கண்ண மூடிக்கினே?"

"பெல்லைக் கேக்கறேன்."

மூன்று அடித்தது. எங்கிருந்தோ மூன்று திரும்பி வந்தது. பாதங்களுக்கு அடியில் தரை மெதுவாக நழுவியது. முந்நூறு பேரும் ஷிப்ட் ஷிப்டாக இப்படியே இறங்குவார்கள். அடிமட்டத்தில் இறங்கி மாரிமுத்துவின் பம்பைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதன் மேல் கையை வைத்து, சூடு பார்த்து, என்னைப் பார்த்துத் தலையாட்டினான்.

மேலே வந்ததும் இன்ஜின் வீட்டுக்குப் போனேன். டிரைவரிடம் பேசக்கூடாது என்று கதவில் எழுதியிருக்கும். ஷிப்ட் முடியும்வரை வெளியே நின்றேன். தாமோதரன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பத்து வருஷமாக ஒரே ஊர், நேருக்கு நேர் நின்று நாலு வார்த்தை பேசியதில்லை. பையிலிருந்து இரண்டு மாம்பழத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"எனக்கு எதுக்குய்யா? மூணு அடிச்சா மெல்ல ஓட்டறது என் வேல."

"தெரியும்" என்றேன். "அதுக்குத்தான்."

அவர் ஒன்றை முகர்ந்து பார்த்தார். "கப்பலுக்குக் குடுத்தியாமே, அந்த மரத்துதா?"

"அதே மரம்தான்."

தாமோதரன் பழத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மற்றதைக் கையில் உருட்டியபடி வீட்டுப் பக்கம் நடந்தார்.